விளக்கு நீங்க ஏத்துங்க

1

படகுத் துறையை விட்டு வெளியே நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, பைக்குள் வேலைக்குப் போடும் பூட்ஸ், கையில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு எடுத்த படகுச் சீட்டு. பின்னால் ஒலிபெருக்கி என் படகின் நேரத்தை இரண்டு மூன்று மொழிகளில் சொல்லிக்கொண்டிருந்தது. அதில் தமிழ் இல்லை. அதனால் என்னைக் கூப்பிடவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

உள்ளே போகும் வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர்தான் இருந்தார்கள். சீட்டை நீட்டுவதற்காக எடுத்தபோது அதன் ஓரத்தில் என் கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. மோந்து பார்த்தேன், நல்லெண்ணெய். காலையில் வீட்டில் விளக்கேற்றிவிட்டுக் கையைச் சரியாகத் துடைக்காமல் கிளம்பியிருக்கிறேன். கறையைப் பார்த்துக்கொண்டே நின்றதில் வரிசை நகர்ந்துவிட்டது. பின்னால் இருந்த சீனர், "ஹலோ, மூவ் லா" என்றார். நகர்ந்தேன், வாசல் பக்கமாக.

இது நடந்து இந்த வெள்ளிக்கிழமையோடு ஒரு வருடம். ஊரில் இருக்கும் என் தங்கை போனில் அடிக்கடி கேட்கிறாள், "அண்ணிக்கு என்னதான் ஆச்சு, முழுசா சொல்லேன்" என்று. போனில் எனக்குச் சொல்ல வருவதில்லை. பெண்களிடம் பேசக் கூடாத விஷயம் என்று பழகிய வாய். எழுதினால் வரும் போலிருக்கிறது. அவளும் படிக்கட்டும், அவள் வயதுப் பெண்களும் படிக்கட்டும். அவர்கள் வீட்டு ஆண்கள் கட்டாயம் படிக்கட்டும்.

2

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். புதுக்கோட்டைப் பக்கம். இருபத்து நாலு வயதில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கச் சிங்கப்பூர் வந்தேன். பிறகு ஹோட்டல் அடுப்படி, லாரி, விமான நிலையத்தில் தள்ளுவண்டி சேர்ப்பது, கல்யாண மண்டபத்தில் நாற்காலி போடுவது, மறுபடியும் கப்பல். ஒரே இடத்தில் ஒன்றரை வருடம் தாண்டினால் எனக்குக் கால் நிற்காது. யாரும் என்னைத் துரத்தியதில்லை, நானாகத்தான் போவேன்.

என் மனைவி காந்திமதி இங்கேயே பிறந்தவள். அவள் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒர்க் பெர்மிட்காரன் இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டுவதென்றால் அரசாங்கத்துக்கு மனு எழுதி அனுமதி வாங்க வேண்டும். இரண்டு முறை திரும்பி வந்தது, மூன்றாவது முறை கிடைத்தது. அவளைக் கட்டுவதற்கு அத்தனை காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன், அவளிடம் ஒரு கேள்வி கேட்க இருபத்தெட்டு வருடம் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு தோ பாயோவில், நாலாவது மாடி. சமையலறை அலமாரியில் சாமிப் படங்கள். வெள்ளிக்கிழமை என்றால் பண்டிகை நாள் மாதிரி வேலை கிடக்கும் அவளுக்கு. படம் துடைத்து, தேக்கா சந்தையில் வாங்கி வந்த பூவை வைத்து விளக்கேற்றுவாள். மாதத்தில் அந்த நாட்கள் வெள்ளியோடு வந்து சேர்ந்தால் மட்டும் அறைக்குள்ளிருந்து குரல் வரும்: "விளக்கு நீங்க ஏத்துங்க." நான் ஏற்றுவேன். கல்யாணமான முதல் மாதத்திலிருந்து இதுதான் வழக்கம். ஏன் என்று அவள் சொல்ல மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். எங்களுக்குள் அந்த விஷயத்தைப் பற்றி நடந்த பேச்சு மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் அந்த வரி நின்றது. அதன்பின் ஐந்து வருடம் எல்லா வெள்ளியும் அவளே ஏற்றினாள். தீப்பெட்டி எந்த டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது.

போன வருடம் தைப்பூசம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, அறைக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஏங்க, விளக்கு நீங்க ஏத்துங்க." தீப்பெட்டியைத் தேடி எடுத்து ஏற்றினேன். மூன்று வாரம் கழித்து மறுபடி. ஏற்றினேன். அதற்கடுத்த ஐந்தாவது வெள்ளியும் அதே குரல். அப்போதும் ஏற்றினேன்.

தெரியாமல் ஏற்றவில்லை. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் உலகத்தில் கிடையாது. ஐந்து வருடம் கழித்து அது ஏன் திரும்ப வர வேண்டும் என்று யோசித்திருக்க வேண்டும். பெண்கள் சமாச்சாரம், அவளுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். போதாக்குறைக்கு அப்போது பாத்தாம் கப்பல் பட்டறையில் ஒரு வருட வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். மனம் பாதி அங்கே போய்விட்டது.

3

கிளம்பும்வரை நான் வேலை பார்த்தது துவாஸ் கப்பல் பட்டறையில். அங்கே காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து அன்றைக்கு எங்கே என்ன ஆபத்து என்று சொல்வார்கள். டூல் பாக்ஸ் மீட்டிங் என்று பெயர். எங்களுக்குச் சொல்கிறவர் மன்னார்குடிக்காரர். அவர் பெயரே எல்லோருக்கும் மறந்துபோய் 'சேப்டி' என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாவது தடவை விளக்கேற்றிய வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை அவர் சொன்னார்:

"கப்பலோட கீழ் டெக்ல பழைய பைப் லைன் ஒண்ணு மூடி, தொடாதேன்னு டேக் போட்ருக்கு. வருசக்கணக்கா ஓடாத லைன். அதுல ஒரு சொட்டு வந்தாலும் வேலைய நிறுத்திட்டு என்கிட்ட வரணும். தொடச்சு விட்டுட்டு வேலையப் பாத்தீங்கன்னா, கேட்டுக்கு வெளிய நின்னுக்குங்க."

"ஒரு சொட்டுக்கா சேப்டி?" என்றான் ஒருவன்.

"ஓடுற லைன்ல சொட்டினா ரிப்பேரு. மூடின லைன்ல சொட்டினா உள்ள ஏதோ ஒண்ணு இருக்கு. அது என்னன்னு நீயும் நானும் வெளிய நின்னு சொல்ல முடியாது. திறந்து பாக்கறவன்தான் சொல்லணும்."

வழக்கம்போலத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பத்து மணி டீ நேரத்தில் டம்ளர் கையில் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. 

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது காந்திமதி கங்கோங் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். பூட்ஸைக் கழற்றாமலே கேட்டேன்.

"காந்தி, உனக்கு அது நின்னு அஞ்சு வருசம் ஆச்சில்ல?"

கத்தி நின்றது. "எது?"

"அதுதான்."

"என்ன கேள்வி இது? யார்டுல பெயிண்ட்ட மோந்துட்டு வந்துட்டீங்களா?"

"மூணு தடவ விளக்கு ஏத்திட்டேன்."

அவள் நறுக்கிய கீரையை ஓரமாகத் தள்ளினாள். "திரும்ப வந்திருக்கு. கொஞ்சம்தான். மொதல்ல லேசா பழுப்பா பட்டுச்சு. அப்புறம் ரெண்டு நாள் செவப்பு. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல." பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. "தேக்கா பூக்கடை ராணி சொல்றா, உனக்கு வயசு திரும்புது லா, புருசன்கிட்ட சொல்லிடாதன்னு."

"வேற யார்கிட்ட சொன்ன?"

"நாட்டு மருந்துக் கடைல. ஒடம்பு சூடுன்னு ஒரு பொடி குடுத்தாங்க."

"டாக்டர்கிட்ட?"

அவள் எழுந்து போய்ச் சாமி அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். அர்ச்சனை ரசீதுகளுக்கு நடுவிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள். "இங்க பாருங்க. முந்தின வருசம் பாப் டெஸ்ட் எடுத்தேன். நார்மல்னு லெட்டரே வந்துச்சு. கேன்சர் இல்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க. நீங்க நிம்மதியா பாத்தாம் போயிட்டு வாங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

"நாளைக்குக் காலைல பாலிகிளினிக் போறோம்."

"நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்கு."

"நிறுத்தியாச்சு."

"என்னத்த?"

சேப்டி சொன்ன மூடிய பைப் கதையை அவளிடம் சொன்னேன். "பொண்டாட்டிய பைப்போட சேத்துப் பேசற ஒரே மனுசன் நீங்கதான்" என்றாள். ஆனால் காலையில் எனக்கு முன்னால் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

4

அரசாங்கப் பாலிகிளினிக்கில் எண்ணட்டை வாங்கி, பெயர் சரிபார்த்து, இன்னொரு வரிசையில் உட்கார்ந்தோம். கூப்பிட்டது ஒரு தமிழ்ப் பெண். இளம் நர்ஸ். கணினியைப் பார்த்தபடியே மனப்பாடமாகக் கேட்டாள்.

"ஆன்ட்டி, சுகர் இருக்கா? பிரஷர்?"

"ரெண்டும் இருக்கு. மாத்திரை போடறேன்."

"லாஸ்ட் மென்சஸ் எப்போ?"

"போன வெள்ளிக்கெழம."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. நர்ஸ் திரையில் பிறந்த தேதியைப் பார்த்தாள், பிறகு காந்திமதியைப் பார்த்தாள், பிறகு என்னை. "ஆன்ட்டி, அதுக்கு முன்னாடி எப்ப நின்னுச்சு?" இப்போது குரல் வேறு மாதிரி இருந்தது.

டாக்டர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னது இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. பாப் டெஸ்ட் என்பது கருப்பை வாயைப் பார்ப்பது. வாசலைப் பார்த்துவிட்டு வந்து வீடு சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல முடியாதல்லவா? கருப்பையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அந்தக் கடிதம் பதில் இல்லை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டிய பெண்ணுக்கு ஒரு சொட்டுப் பட்டாலும் அது மாதவிடாய் இல்லை. மாதவிடாய் அப்படித் திரும்பி வராது. எந்தக் காரணமாகவும் இருக்கலாம், பெரும்பாலும் சின்னக் காரணமாகவே இருக்கும். ஆனால் எது என்று பார்த்தே ஆக வேண்டும்.

அவசரம் என்று எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன். கருப்பையின் உள்பக்கப் படலம் இந்த வயதில் மெல்லியதாக இருக்க வேண்டும், இவளுக்குத் தடித்திருந்தது. மெல்லிய குழாய் ஒன்றை விட்டுக் கொஞ்சம் சதையை எடுத்தார்கள். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "பிரசவமே பரவால்ல" என்று மட்டும் சொன்னாள். 

அன்றுதான் எங்கள் மகள் நித்யாவுக்குச் சொன்னோம். கல்யாணமாகி வேறு பேட்டையில் இருக்கிறாள். கப்பல் சரக்குக் கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை, வாரத்துக்கு ஒரு போன். உடனே கிளம்பி வந்துவிட்டாள். அவள் கோபப்பட்டால் ஆங்கிலம், அழுதால் தமிழ். அன்றைக்கு இரண்டும் கலந்து வந்தது.

"டூ மன்த்ஸ் ப்பா! நீங்க நோட்டீஸ் பண்ணவே இல்லையா?"

"கவனிச்சேன்."

"தென்?"

"விளக்கு ஏத்தினேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. விளக்கே மின்சார விளக்குத்தான். காந்திமதி விளக்கிச் சொன்னதும் என்னைத் திட்டவும் செய்யாமல் சிரிக்கவும் செய்யாமல், "அம்மா, நெக்ஸ்ட் டைம் வாயத் தொறந்து சொல்லு லா. இங்கிலீஷ்ல மெசேஜ் கூட ஓகே" என்றாள்.

முடிவு சொல்வதற்கு ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணி கொடுத்தார்கள். நான் பாத்தாம் போய்ச் சேர வேண்டியதும் அதே வெள்ளிக்கிழமை. அங்கே வேலைக்கு ஆள் எடுத்தவர் தேதியை மாற்ற முடியாது என்றார். காந்திமதிதான் சொன்னாள், "நீங்க போங்க. ஒரு காகிதம் வாங்கறதுக்கு மூணு பேர் எதுக்கு? நித்யா வரா." நான் எப்போதும் கிளம்புகிற மாதிரியே கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏங்க, விளக்க ஏத்திட்டுப் போங்க."

ஏற்றிவிட்டுப் போனேன். அந்த எண்ணெய்தான் சீட்டில் ஒட்டியிருந்தது.

5

படகுத் துறையிலிருந்து ரயிலில் வந்து ஆஸ்பத்திரியில் மாடி தேடி அலைந்து சேர்ந்தபோது, அவர்கள் இருவரும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். நித்யா தன் அம்மாவின் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

காந்திமதி முதலில் என் பையைப் பார்த்தாள். "படக விட்டுட்டீங்களா?"

"படகு நேரத்துக்குத்தான் வந்துச்சு."

"அப்புறம்?"

"நான்தான் போகல."

 அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. நிதானமான ஆங்கிலம். ஒரு தாளில் தலைகீழாகப் பேரிக்காய் மாதிரி வரைந்து, அதற்குள் ஓர் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தார். எனக்குப் பாதி புரிந்தது. காந்திமதி மகளைப் பார்த்தாள். நித்யா மொழிபெயர்க்கத் தொடங்கினாள். பள்ளியில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் பாதியில் சொல் கிடைக்காமல் தடுமாறினாள்.

"அம்மா, கேன்சர் இருக்கு. பட் சின்னது. அது... அந்த... பேபி பேக் இருக்குல்ல..."

"நீ பத்து மாசம் குடியிருந்த எடம்டி அது. அதுக்குப் பேர் கூடத் தெரியலையா?" என்றாள் காந்திமதி. "கர்ப்பப்பை."

"கர்ப்பப்பை" என்று நித்யா திருப்பிச் சொன்னாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. புற்றுநோய் என்று கேட்டவள் மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். டாக்டர் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, டிஷ்யூப் பெட்டியை யார் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் நடுவில் வைத்தார்.

புற்று உள்படலத்தில்தான் இருந்தது, வெளியே பரவிய மாதிரி தெரியவில்லை. மூன்று வாரத்தில் அறுவை செய்து கருப்பை, சினைக்குழாய், சினைப்பை எல்லாவற்றையும் எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதித்துவிட்டு, மேற்கொண்டு கதிர் சிகிச்சை இப்போதைக்குத் தேவையில்லை, தவணை தவறாமல் வந்து காட்டினால் போதும் என்றார்கள். "ஏன் இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டது தெரியுமா? ரத்தம் பட்டது, நீங்கள் வந்தீர்கள்" என்றார் டாக்டர். நான் தரையைப் பார்த்தேன். இரண்டு மாதம் கழித்து வந்தோம் என்பது எனக்குத்தானே தெரியும்.

தங்கச்சி, உனக்காக இதை எழுதுகிறேன். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி பட்டாலும் போய்க் காட்டு. சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பழுப்பாக, இளஞ்சிவப்பாக, ரத்தம் கலந்த தண்ணீராகப் பட்டாலும் அதே கணக்குத்தான். வலிக்கட்டும் போகலாம் என்று காத்திருக்காதே, இவளுக்கு வலியே இல்லை. இன்னும் நிற்காத வயதுக்காரர்களும் கவனிக்க வேண்டும். இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் பட்டாலோ, வழக்கத்துக்கு மாறாக நாள்கணக்கில் அதிகமாகப் போனாலோ, நிற்கிற வயசு இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். அடிவயிற்றில் விடாத வலி, கணவனோடு சேரும்போது வலி இவையும் சொல்ல வேண்டியவை. உடம்பு கனத்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், பிள்ளை பெறாதவர்கள், மார்பகப் புற்றுக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள், குடும்பத்தில் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டுமாம். பட்டதெல்லாம் புற்று இல்லை, பயப்படாதே. ஆனால் கசாயத்தையும் பழைய கடிதத்தையும் நம்பி வீட்டில் இருக்காதே.

இப்போது எங்கள் வீட்டில் யார் முதலில் சமையலறைக்குப் போகிறாரோ அவரே விளக்கை ஏற்றுவார். தீப்பெட்டி வெளியிலேயே இருக்கிறது.

6

முடிவு தெரிந்த அன்று மத்தியானம் மூவரும் வீடு திரும்பினோம். கீழே, எங்கள் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் ஆட்களுக்குப் பொறுப்பான கிருஷ்ணன் அண்ணன் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் இங்கே குடிவந்த நாளிலிருந்து பழக்கம். என் பையைப் பார்த்தார்.

"எந்த ஊருக்குடா இந்தத் தடவ?"

"எங்கயும் இல்லண்ணே. உங்ககிட்ட வேலை இருக்கா?"

"ஒருத்தன் ஊருக்குப் போயிட்டான். ஆள் வேணும்தான். ஆனா நீ எத்தன மாசம் நிப்ப? அத மொதல்ல சொல்லு."

பையைக் கீழே வைத்தேன். "எந்த பிளாக் காலியா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஏன், உனக்கு எது வேணும்?"

"இதேதான்."

அவர் மேலே எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். காந்திமதியின் விஷயம் அவருக்குத் தெரியாது.  "காலைல ஏழு மணி. கையெழுத்து, காகிதமெல்லாம் பின்னால பாத்துக்கலாம். பூட்ஸ் கொண்டு வா" என்றார். பூட்ஸ் பைக்குள்தான் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மேல் மாடியில் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டே பெருக்குவதுதான் முறை. பன்னிரண்டாவது மாடியிலிருந்து ஒவ்வொரு நடைபாதையாகப் பெருக்கிக்கொண்டு வந்தேன். ஊதுபத்திச் சாம்பல், குழந்தைகள் போட்ட பிஸ்கட் தூள், யாரோ காயவைத்த மிளகாய். நாலாவது மாடிக்கு வரும்போது எட்டரை இருக்கும். எங்கள் வீட்டுக் கம்பிக் கதவு திறந்திருந்தது. காந்திமதி டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். நான் விளக்குமாறோடு வருவதை அந்தக் கோடியிலிருந்தே பார்த்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது, ஆனால் வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "இன்னிக்கும் பட்டுச்சா?"

அவள் நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "மெதுவா கேளுங்க" என்றாள். பிறகு, குரலைத் தணிக்காமலே, "கொஞ்சம்" என்றாள்.

தலையாட்டினேன். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அவள் என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அந்த மூலைய விட்டுட்டீங்க."

டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போய் அந்த மூலையைப் பெருக்கினேன்.